மருந்து வாங்குவோரும் மருந்து உண்போரும்

நம் கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, இலக்கியமோ சமயமோ எழுதத்தக்க தகுதி எனக்கில்லையென்று முதலில் மறுத்தேன். "உமக்குத் தெரிந்ததை எழுதும்" என்றார். எனக்குத் தெரிந்தது களஞ்சியம். மலைநாட்டு வைத்தியசாலைகளில் மருந்துக் களஞ்சியப் பொறுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து இளைப்பாறியவன் நான். பெட்டி வரும், எண்ணி எடுப்பேன், பேரேட்டிற் பதிவேன், கேட்டவருக்குக் கொடுப்பேன். பெட்டியுள் இருந்த பொருளை யார் தெரிந்தெடுத்தார், யாரைக் கேட்டுத் தெரிந்தெடுத்தார் என்னும் வினா என் உத்தியோகத்தின் முதற் பத்து ஆண்டுகளில் என் மனத்தில் எழவேயில்லை. அவ்வினா எழுந்த விதத்தையும், அதற்கு உலகத்தார் கண்டுள்ள விடைகள் சிலவற்றையும் இங்கே கூற எண்ணுகின்றேன்.

நான் அப்பொழுது வேலை பார்த்த வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அறைக்கென ஆறு கட்டில்கள் வந்திறங்கின. மின்னும் இரும்புக் கால்கள், கழுவித் துடைக்கத்தக்க மெத்தை, துருப்பிடியாத பூச்சு. கேள்விப்பத்திரத்தின் பிரதியொன்று என் கோவையில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். நீளம் சரி, அகலம் சரி, தாங்கும் பாரம் சரி, உத்தரவாதக் காலமுஞ் சரி. கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்டேன். மறுநாட் காலை, எட்டு மாத வயிற்றோடு தோட்டத்திலிருந்து நடந்து வந்த சிறிய உருவமுள்ள தாயொருத்தி அக்கட்டிலின் முன்னே நின்று அதனைப் பார்த்த பார்வையை இன்றும் மறந்தேனில்லை. அவளால் ஏற முடியவில்லை. இருவர் கைகொடுத்துத் தூக்கினார்கள். இறங்கும்போது கால் வழுக்கிற்று. நல்ல வேளையாக மருத்துவ மாது தாங்கிக்கொண்டார். "வாங்கினவங்க ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா, ஐயா?" என்று அவர் என்னைக் கேட்டார். கேள்விப்பத்திரத்தில் இருபதுக்கு மேற்பட்ட நிபந்தனைகள் இருந்தன. ஏறுபவரைப் பற்றிய நிபந்தனை அவற்றுள் ஒன்றேனும் இல்லை. வைத்தியசாலைத் தச்சர் பழைய பலகைகளைக் கொண்டு இரண்டு படியுள்ள ஏணிப்பலகையொன்றை அன்று மாலையே செய்து கொடுத்தார்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. பக்கத்திலிருந்து அதனைக் கொடுத்துப் பேணுபவன் ஒரு கூறு. நம் காலத்து அரசாங்கக் கொள்வனவு இந்நான்கனுள் மருந்தைப் பற்றி மிக விரிவாகப் பேசும். நோய் தீர்ப்பவரிடம் ஓரளவு கேட்கும். நோயுற்றவரையும் பக்கத்தில் நிற்பவரையும் பெரும்பாலும் கேட்பதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்னும் பழமொழியைக் கேள்விப்பத்திரம் எழுதுவோர் அறியாதவரல்லர். அதனை எழுதுதற்குப் படிவத்திலே இடமில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டிற் கொள்வனவு நடைபெறும் வழியைச் சிறிது விளக்குதல் நலம். ஒவ்வொரு வைத்தியசாலையும் அடுத்த ஆண்டுக்கு வேண்டியவற்றை மதிப்பிட்டுச் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கற் பிரிவுக்கு அனுப்பும். அங்கே தொகுக்கப்பட்டவற்றுட் பெரும்பகுதியை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரங் கோரி வாங்கும். வாங்கவேண்டிய பொருள் எத்தகையது என வரையறுத்துக் கூறும் ஏட்டுக்கு விவரக்கூற்று என்று பெயர். வந்த விலைமனுக்களை அவ்விவரக்கூற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவின் வேலை. விவரக்கூற்றோடு பொருந்தியவற்றுள் மதிப்பீட்டிற் குறைந்த விலையுள்ளதே தெரிவாகும்.

இதிலே களவுமில்லை, கெடுதியுமில்லை; பொதுப்பணத்தைக் காக்க எழுந்த முறையே இது. ஆயினும் இதனுள் ஒரு முடிச்சு உண்டு. விவரக்கூற்றை எழுதுபவர் பெரும்பாலும் சென்ற முறை வாங்கிய பொருளையே முன்வைத்து எழுதுகின்றார். கட்டிலுக்கு இத்தனை அங்குலம், குழாய்க்கு இத்தனை தடிப்பு என்று பொருளின் உருவத்தை வருணிக்கின்றார். அப்படியானால் விலைமனுக் கொடுப்போர் அனைவரும் சென்ற ஆண்டின் பொருளையே சற்று மலிவாகக் கொண்டுவருவர். அதனினும் நல்லதொன்றைச் சிந்தித்தவன் விவரக்கூற்றுக்கு மாறானவனென்று முதற் சுற்றிலேயே விலக்கப்படுவான். புதுமை செய்பவனுக்குத் தண்டம், பழையதைத் திரும்பச் செய்பவனுக்குப் பரிசு என்றாகிவிடும். மாறாக, "ஐந்தடிக்குக் குறைந்த உயரமுள்ள நிறைமாதக் கர்ப்பிணி பிறர் உதவியின்றி ஏறி இறங்கத்தக்க கட்டில்" என்று தேவையை எழுதினால், ஒருவன் படி வைத்துக் கொண்டுவருவான். ஒருவன் உயரத்தைத் தாழ்த்தி உயர்த்தும் பொறி வைப்பான். மூன்றாமவன் நாம் எண்ணாத வேறொன்றைக் கொண்டுவருவான். எது தக்கதென்பதை ஏறிப் பார்ப்பவர் கூறுவார். ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்வனவுப் பணிப்புரை, கடையில் இல்லாத பொருளை உருவாக்கி வாங்குதற்கெனப் புத்தாக்கப் பங்குடைமை என்றொரு தனி வழியையே வகுத்துள்ளது. அதன் உட்கருத்தும் இதுவே.

இனி நம் ஊவாவுக்கு வருவோம். பதுளையிலிருந்து லுணுகலை வழியாக இறங்கிச் செல்லும் பாதை பிபிலையை அடையும். அவ்வூர்க் குடும்பமொன்றில் 1920 இற் பிறந்தவர் சேனக்க பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்று, மருத்துவராகி, இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியராகவும் பின்னர்ப் பேராதனை மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கியவர். அரசாங்க மருந்துக் கொள்வனவைப் பற்றி எழுதப் புகுவோர் உலகில் எங்கிருந்தாலும் அவர் பெயரைக் கூறாது செல்லல் அரிது. நம் மாகாணத்துப் பிள்ளைகளுள் அவர் பெயரை அறிந்தார் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. எண்ணிக்கையைக் கூறாது விடுகின்றேன்.

அந்நாளில் ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கப்பட்டது. உள்ளிருக்கும் சரக்கு ஒன்றே. பெட்டியின் நிறமும் கம்பனியின் பெயரும் விலையுமே வேறு. மருத்துவர்கள் கம்பனிப் பெயரையே எழுதிப் பழகிவிட்டனர். 1971 இல் மருத்துவரும் பாராளுமன்ற உறுப்பினருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் நாட்டின் மருந்து நிலைமையை ஆராய்ந்து அறிக்கையொன்று சமர்ப்பித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பிபிலே அதன் முதற்றலைவரானார். தனியார் துறைக்கென இறக்குமதியாகி வந்த ஏறக்குறைய 2,100 மருந்துகளை மருத்துவ வல்லுநர் குழுவொன்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஏறக்குறைய 600 ஆகக் குறைத்தது. எஞ்சியவற்றைக் கம்பனிப் பெயராலன்றி மருந்தின் இயற்பெயராற் குறித்து, உலகெங்கும் கேள்விப்பத்திரங் கோரி வாங்கினர். விலைகள் பெரிதும் இறங்கின. 1977 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியில் கயானாவிலிருந்தபோது பிபிலே காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அவர் கொள்கையை நாட்டின் சட்டமாக்கவேண்டுமென்று பல்லாண்டுகளாக எழுந்த குரலுக்கு, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் ஓரளவு விடையாயிற்று.

இங்கே அறிவுடைய மாணவனொருவன் என்னை மடக்கக்கூடும். "பயன்படுத்துவோரைக் கேட்டு வாங்குக என்கிறீர். மருத்துவரும் பயன்படுத்துபவர்தாமே? அவர்கள் விரும்பிக் கேட்ட கம்பனிப் பெயர்களை மறுத்ததன்றோ பிபிலே செய்தது?" என்பான். வினா நியாயமானது. நானும் இதிற் சில காலம் தடுமாறியிருக்கின்றேன். விடை இது: பயன்படுத்துபவரிடம் எந்தக் கம்பனிப் பொருள் வேண்டுமென்று கேட்டல் வேறு, உமக்குள்ள இடர் யாது, எப்பயன் வேண்டும் என்று கேட்டல் வேறு. முதல் வினாவுக்கு விடையை விற்பனைப் பிரதிநிதி முன்னரே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். இரண்டாம் வினாவுக்கு விடை வேலை செய்பவரின் கையிலும் காலிலும் இருக்கின்றது; அதை எவனும் சொல்லிக் கொடுக்க முடியாது. பிபிலே மருத்துவர்களை விலக்கவில்லை. குழுவில் அமர்த்தி, எந்நோய்க்கு எம்மருந்து உண்மையில் வேண்டும் என்று கேட்டார். விளம்பரத்தின் குரலை நீக்கித் தேவையின் குரலைக் கேட்டார் என்று கொள்ளலாம். ஆயினும் அவர் கேட்டது மருத்துவர்களோடு நின்றது. தாதியரும் மருந்து கலப்போரும் நோயாளரும் அக்குழுவுக்கு வெளியேயே நின்றனர். அக்காலத்திற்கு அதுவே பெரிய செயல். குறையென்று கூற நான் துணியேன்.

வெளியே நின்றவரின் இடரைக் கேட்டு வாங்கியதால் விளைந்த புதுமைக்கு நான் அறிந்த தலைசிறந்த உதாரணம் ஒரு சிறு புள்ளி. அதனை என் கையாலேயே ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கின்றேன்.

தடுப்பு மருந்துகள் வெப்பத்திற் கெடும். அவற்றுள் வாய்வழி கொடுக்கும் போலியோச் சொட்டு மருந்து மிக விரைவிற் கெடுவது. தொழிற்சாலையிலிருந்து கடைசிச் சிகிச்சை நிலையம் வரைக்கும் குளிரிலேயே செல்லவேண்டும். வழியில் மின்சாரம் நின்றதோ, பனிக்கட்டி உருகிற்றோ, பெட்டி வெயிலிற் கிடந்ததோ, கடைசியில் அதனைக் குழந்தையின் வாயில் விடுபவருக்குத் தெரியாது. குப்பியைப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே நிறம். ஐயமுண்டாயின் முழுப் பெட்டியையும் எறியவேண்டும். எறியாவிடிற் பயனற்ற நீரைக் கொடுத்து, குழந்தைக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டதென்று தாயை நம்பச் செய்யவேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே பல்லாண்டுகள் துன்புற்றவர்கள் மலையேறியும் ஆறு கடந்தும் சென்ற கடைநிலைச் சுகாதார ஊழியர்களே.

அவர்களுக்கு வேண்டியிருந்தது இன்னொரு குளிர்ப்பெட்டியன்று. "இது நல்லதா, கெட்டதா" என்று குப்பியே சொல்லவேண்டும். 1970களின் இறுதியிலேயே இவ்வெண்ணம் உலக சுகாதார நிறுவனத்தாரிடை எழுந்தது. பாத் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அதற்குத் தக்க வழியைத் தேடிற்று. வெப்பத்தால் மெல்ல நிறம் மாறும் இரசாயனப் பொருளொன்றை அமெரிக்காவிற் சிறு கம்பனியொன்று கையாண்டு வந்தது. அதைக் கொண்டு குப்பியின்மேல் ஒட்டத்தக்க சிறிய அடையாளமொன்று உருவாயிற்று. வட்டத்தினுள்ளே ஒரு சதுரம். சதுரம் வட்டத்தினும் வெளிறியிருந்தாற் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால், அல்லது அதனினும் கறுத்துவிட்டால், எறிந்துவிடவேண்டும். எழுத்து வேண்டாம், மொழி வேண்டாம், வெப்பமானி வேண்டாம்.

பொருள் உருவாகியும் உடனே வழக்குக்கு வரவில்லை. மருந்து செய்வோர் தாமாக அதனை ஒட்ட முன்வரவில்லை. ஒட்டினாற் செலவு கூடும். கெட்டதென்று காட்டினால் தம் பெயர் கெடும் என்று அஞ்சினர் போலும். முடிச்சை அவிழ்த்தது கேள்விப்பத்திரமே. உலகின் மிகப் பெரிய தடுப்பு மருந்துக் கொள்வனவாளராகிய யுனிசெப், போலியோச் சொட்டு மருந்துக் குப்பிகளில் அவ்வடையாளம் இருத்தல் வேண்டுமென்று நிபந்தனையிட்டது. 1996 இல் அடையாளமிட்ட குப்பிகள் வரத் தொடங்கின. பின்னர் ஏனைய தடுப்பு மருந்துகளுக்கும் அது பரவிற்று. கடைக்கோடியில் நிற்பவரின் இடர் விவரக்கூற்றில் ஒரு வரியாயிற்று. அவ்வொரு வரி ஒரு தொழிலையே மாற்றிற்று.

நம் நாட்டிற் போலியோ நோய் கடைசியாகப் பதிவானது 1993 இல். அவ்வடையாளம் வருமுன்னரே அதனைச் சாதித்தவர்கள் நம் மருத்துவ மாதர்கள். எங்ஙனம் சாதித்தார்கள் என்று கேட்டால், பனிக்கட்டிப் பெட்டியைத் தம் குழந்தைபோல் இடுப்பில் அணைத்துக்கொண்டு தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் ஓடினார்கள் என்பதே விடை. அத்தகையோரை எவரும் விவரக்கூற்று எழுதும் மேசைக்கு அழைத்ததாக நான் அறியேன்.

ஆபிரிக்காவிலிருந்தும் ஒரு செய்தி கூறலாம். மூளைக்காய்ச்சலின் ஒரு வகை அக்கண்டத்தின் நடுப்பகுதியைப் பல்லாண்டுகள் வாட்டிற்று. தடுப்பு மருந்து செய்யப் புகுந்தவர்கள் முதலில் அந்நாட்டுச் சுகாதாரத் தலைவர்களிடம் சென்று கேட்டனர். "ஒரு முறைக்கு 50 அமெரிக்கச் சதத்திற்கு மேற்பட்டால் எங்களுக்கு எட்டாது" என்பதே விடை. பெரிய கம்பனிகள் அவ்விலைக்கு இயலாதென்று கையை விரித்தன. பூனா நகரத்துச் சீரம் நிறுவனம் அதனை ஏற்றுச் செய்தது. 2010 டிசெம்பரில் புர்க்கினா பாசோவிலும் அயல்நாடுகளிலும் அம்மருந்து வழங்கத் தொடங்கிற்று. 40 பாகை வெப்பத்திலும் நான்கு நாள் வரை குளிர்ப்பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமென்று 2012 இல் அதற்கு அனுமதியுங் கிடைத்தது. விலையை முன்கூட்டிக் கேட்டதும் புதுமைக்கு ஒரு தூண்டுகோலாயிற்று.

நோயாளியே ஆசிரியனாகிய கதையும் உண்டு. ஜெய்ப்பூர் நகரத்துச் சவாய் மான்சிங் வைத்தியசாலையில், காலிழந்தோருக்கு மேனாட்டு மாதிரியிற் செய்த செயற்கைக் கால்களைக் கொடுத்தார்கள். சில நாளில் அவற்றைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலோடு திரும்பி வந்தனர் பலர். காரணம் கேட்டபோது தெளிவாயிற்று: அக்கால் சப்பாத்து அணிபவனுக்கென ஆக்கப்பட்டது, இவர்கள் வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள், குந்தியிருப்பவர்கள், சம்மணமிட்டுண்பவர்கள். 1968 அளவில் டொக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சேர்ந்து, நீரில் நனையவும் கணுக்காலில் வளையவும் வல்ல இறப்பர்ப் பாதமொன்றை ஆக்கினர். டயர் புதுப்பிப்பவனின் தொழில் நுணுக்கம் அதற்கு உதவிற்று. போரின் கண்ணிவெடிகளாற் காலிழந்த நம் நாட்டார் பலர் பின்னர் அப்பாதத்தை அணிந்தே நடந்தனர்.

தமிழ்நாட்டிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்லல் முறையன்று. அங்கே 1994 இற் பதிவு செய்யப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை ஓரிடத்தில் மொத்தமாக வாங்கி மாவட்டக் களஞ்சியங்களில் வைக்கின்றது. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஏடொன்றில் ஆண்டுக்கான பணப்பெறுமதி குறிக்கப்படுகின்றது. அவ்வெல்லைக்குள் எம்மருந்து எவ்வளவு வேண்டுமென்பதை வைத்தியசாலையே தீர்மானித்து எடுத்துக்கொள்ளும். மேலிருந்து வருவதை ஏற்றுக்கொள் என்பதற்கும், உன் பங்கு இவ்வளவு, உனக்கு வேண்டியதை எடு என்பதற்கும் உள்ள வேற்றுமை களஞ்சியத்திற் காலங்கழித்தவனுக்கே முழுதும் விளங்கும். எங்களிடம் ஒருவரும் கேளாத மருந்து காலாவதியாகி அடுக்கிற் கிடக்க, எல்லாரும் கேட்ட மருந்து "வரவில்லை" என்று நான் எழுதியனுப்பிய நாள்கள் பல. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அவ்வடுக்குகளை எண்ணி நெஞ்சு பொறுக்கவில்லை. அப்போது நான் இளைப்பாறியிருந்தேன்.

இவ்விஷயம் நம் தோட்டப்புறங்களில் ஏன் மற்றெங்கினும் கூர்மையாகின்றது என்பதற்கு ஒரு சரித்திரக் காரணமுண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென 1912 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டமொன்று இயற்றப்பட்டது. பெயரிலேயே தேவை என்னும் சொல் இருக்கின்றது. ஆயின் அத்தேவை யாதென்று தீர்மானித்தவர்கள் அரசாங்கத்தாரும் துரைமாருமே. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குமிழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003 இலேதான் வந்தது. கேட்கப்படுதற்குரியவர் என்ற நிலையே இத்தனை காலம் மறுக்கப்பட்ட ஒரு சமுதாயத்துக்கு, மருந்துச் சீட்டைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் "உன் இடர் என்ன?" என்று கேட்கப்படுவது சிறிய காரியமன்று.

கேட்டால் என்ன சொல்வார்கள்? எனக்குச் சொன்னவற்றுட் சிலவற்றைத் தருகின்றேன். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புப் பொட்டலத்தை ஒரு லீற்றர் நீரிற் கரைக்கச் சொல்கிறோம். லயக் காம்பராவில் லீற்றர் அளவுள்ள பாத்திரம் எது? வங்காளதேசத்தில் பிராக் இயக்கத்தார் 1980களில் வீடு வீடாகச் சென்று கற்பித்தபொழுது, தாய்மார் நாடோறும் புழங்கும் அரைச்சேர் அளவையும், மூன்று விரற் சிட்டிகை உப்பையும், ஒரு கைப்பிடி வெல்லத்தையுமே அளவுகோலாகக் கொண்டனர். அங்கே கடையில் விற்கும் பொட்டலமும் அரை லீற்றருக்கென்றே ஆக்கப்பட்டது. சர்க்கரை நோய்க்கு விரல் நுனியிற் குத்தி இரத்தமெடுக்கும் கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டு சென்ற தாதி கூறினார்: கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்து வெடித்த விரலில் ஊசி இறங்குவதில்லை, இறங்கினால் மறுநாள் கொழுந்தெடுக்க முடிவதில்லை. எவ்விரலில், எப்பக்கத்தில், எத்தகைய ஊசி என்பதை அந்த விரலுக்குரியவளன்றோ கூறவேண்டும்?

கண்ணாடி இன்னொன்று. நாற்பது வயதைக் கடந்த கொழுந்துக்காரிக்குக் கிட்டப் பார்வை மங்கும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டமொன்றில் 751 தொழிலாளரைக் கொண்டு நடந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்தெடுப்பு மற்றவர்களினும் ஏறக்குறைய 22 சதவீதம் மேம்பட்டதெனக் காட்டிற்று. ஆகவே தோட்டங்களுக்குக் கண்ணாடி வாங்குவோம் என்று ஒருவர் முன்வரலாம். வாங்குமுன் அவளைக் கேட்கவேண்டும். பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் மூடுபனி எப்பொழுது இறங்குமென்று தெரியாது. கூடைக் கயிறு நெற்றியை அழுத்துகின்றது. குனிந்த தலையிலிருந்து கண்ணாடி நழுவுகின்றது. இவற்றையெல்லாம் தாங்கும் கண்ணாடி ஒன்று உண்டா? இல்லையெனின் அதை ஆக்குபவனுக்கு அதுவே ஒரு நல்ல கேள்விப்பத்திரம்.

மொழியையும் இங்கே சொல்லவேண்டும். என் களஞ்சியத்துக்கு வந்த பொருள்களிற் பலவற்றில் தமிழ் இல்லை. வெளிநோயாளர் பகுதியிற் குளிகையைக் கடதாசி உறையிலிட்டு நேரத்தை எழுதிக் கொடுப்போம். மூதாட்டியொருத்தி இரண்டு உறைகளை மாற்றி உட்கொண்டு மயங்கிக் கிடந்தபின், மருந்து கலப்பவர் ஒருவர் தாமாகவே உறைகளின்மேல் உதயசூரியன், உச்சிச்சூரியன், பிறை என்று மூன்று படங்களை வரைந்து கொடுக்கத் தொடங்கினார். பின்னர் அப்படங்களுக்கு இறப்பர் முத்திரை செய்தோம். செலவு சில நூறு ரூபா. உறை வாங்கும் கேள்விப்பத்திரத்திலேயே அப்படங்களை அச்சிட்டுத் தரவேண்டுமென்று ஒரு வரி சேர்க்கலாமே என்று மேலிடத்துக்கு எழுதினேன். விடை வரவில்லை.

இம்முறைக்குத் தடைகள் இல்லையென்று நான் கூறவில்லை. தேவையைச் சொல்லி வாங்கினால் ஒப்பிடுதல் கடினம். நீளத்தை அளப்பது எளிது, நன்மையை அளப்பது அரிது. அளக்க முடியாத இடத்திற் பாரபட்சம் புகும், இலஞ்சமும் புகும் என்று கணக்காய்வாளர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. அதற்காகவே, கேட்பவற்றை முன்கூட்டி எழுத்தில் வைத்தல், சிறு தொகையை வாங்கி ஒரு விடுதியிற் சில மாதம் பரீட்சித்தல், பரீட்சித்தவர்கள் இன்னதைக் கூறினர் என்பதைக் கோவையிற் சேர்த்தல் என்பன வேண்டும். மதிப்பீட்டிற் குறைந்த விலை என்னும்போது, அம்மதிப்பீட்டினுள் பழுதுபார்க்கும் செலவையும், பயன்படாது கிடப்பதன் நட்டத்தையும் சேர்த்தெண்ணுதற்கு விதி இடந்தருகின்றது. இடமிருந்தும் எண்ணுவதில்லை. காலமும் தாமதமாகும். ஆனால் தாமதமின்றி வந்து மூலையிற் கிடக்கும் இயந்திரங்களை எந்த வைத்தியசாலையிலும் காணலாம். வேண்டுமாயின் நானே கூட்டிச் சென்று காட்டுவேன்.

நம் பழைய மாணவர்களுள் மருத்துவராயினார், தாதியராயினார், கணக்காளராயினார் பலருளர். வைத்தியசாலைக் குழுக்களில் அமர்ந்திருப்பாரும் உளர். அவர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஆண்டு மதிப்பீடு அனுப்பும் காலத்தில், எண்ணிக்கைப் படிவத்தோடு இன்னொரு தாளையும் சேருங்கள். அதில் விடுதியிலும் சிகிச்சை நிலையத்திலும் தோட்டத்திலும் அப்பொருளைக் கையாள்பவர் சொன்ன குறையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அப்படி ஒரு கொப்பியை நான் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருந்தேன். விடுதிக்காரர்கள் அதற்குக் குறைப்புத்தகம் என்று பெயரிட்டிருந்தனர். அதிலிருந்து அனுப்பியவற்றிற் பத்துக்கு ஒன்பதுக்கு விடை வந்ததில்லை.

வந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டிலைப் பற்றி அந்த மருத்துவ மாது சொன்னதையும் நான் எழுதியனுப்பியிருந்தேன். சில ஆண்டுகள் கழித்து அடுத்த தொகுதிக் கட்டில்கள் வந்தபொழுது, அவற்றின் விவரக்கூற்றில் ஒரு வரி கூடியிருந்தது: ஏறும் உயரம் இத்தனை அங்குலத்துக்கு மேற்படலாகாது, வழுக்காத படி இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். யார் சேர்த்தாரென்று தெரியாது. தச்சர் செய்த பழைய ஏணிப்பலகை அதற்குப் பின்னர்க் களஞ்சியத்துக்குத் திரும்பி வந்தது. மேல் அடுக்கிலுள்ள பெட்டிகளை எடுக்க அதன்மேலேயே ஏறி நின்று, நான் இளைப்பாறும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.